தோல்ஷாப்புக் கரையில் நடக்க ஒரு மனு

மூன்று நாட்களுக்குள் ஒப்புகை. ஒரு மாதத்துக்குள் தீர்வு. தீர்வு காண முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று மனுதாரருக்கு எழுத்துமூலம் பதில். பொதுமக்கள் தரும் மனுக்களை அரசு அலுவலகம் கையாள வேண்டிய முறை இது. வருவாய்த் துறையில் இருந்தபோது இந்த விதியை நினைவூட்டும் சுற்றறிக்கைகளை நானே பலமுறை தயாரித்து அனுப்பியிருக்கிறேன். கீழ் அலுவலகங்கள் அவற்றைப் படித்து, சுருக்கொப்பமிட்டு, கோப்பில் வைத்துக்கொண்டன. விதியைப் பின்பற்றுவதற்கும் அதைக் கோப்பில் வைப்பதற்கும் வேறுபாடு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் எழுதிய மனு ஒன்றே ஒன்றுதான். என் மனைவிக்கு நடக்க ஓர் இடம் வேண்டும் என்பது அதன் சாரம்.

பக்கவாதம் வந்து அவளுக்கு இடது கால் இழுத்துக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு, பயிற்சி கொடுக்க கொடைரோட்டிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்துபோனாள். அவள் என்னைத் தனியாக அழைத்துத் தெளிவாகச் சொன்னாள். "சார், இந்த ஆறு மாசந்தான். தினமும் சமதரையில நடந்தா கால் திரும்பிரும். விட்டுட்டா மடங்கிரும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனமில்ல."

திண்டுக்கல்லில் சமதரை கிடைப்பது அவ்வளவு எளிதல்ல. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சாக்கடை மேல் ஒரு கல், கல்லுக்குக் கல் ஒரு உயரம். அதற்கிடையில் தண்ணீர் லாரி, பைக், நாய். விளையாட்டு மைதானத்துக்கு ஆட்டோ ஏற வேண்டும். ஆட்டோவில் ஏற அந்தக் கால் மறுத்தது.

மிச்சமிருந்தது தோல்ஷாப்புக் கரை. எங்கள் தெரு முடியும் இடத்தில் குளம். அதன் கரையை ஒட்டி வரிசையாகத் தோல் பதனிடும் ஆலைகள் இருந்தன. எல்லாம் மூடி வெகுகாலமாகிவிட்டது. வண்டிகள் போய்வர ஆலைக்காரர்கள் சாம்பலும் செங்கல் தூளும் கொட்டிக் கெட்டிப்படுத்திய பாதை மட்டும் ஒரு மேடு பள்ளம் இல்லாமல் மடை வரைக்கும் போகும். ஒரு பக்கம் சுவர் இடிந்த ஆலைகள், உள்ளே தோல் ஊறவைத்த தொட்டிகள், தொட்டிக்குள் எருக்கஞ்செடி. மறுபக்கம் தேநீர் நிறத் தண்ணீரில் நாமக்கோழிகள். எதிரே சிறுமலை. தோலோடு வந்த உப்பெல்லாம் மண்ணில் இறங்கி, கோடையில் கரையோரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். காற்றடித்தால் உதட்டில் கரிக்கும். கடல் இல்லாத ஊருக்கு அரசும் தொழிலும் சேர்ந்து செய்துகொடுத்த கடற்கரை.

முதல் நாள் கம்பை ஊன்றிக்கொண்டு நாலைந்து தொட்டிகளைத் தாண்டியதும் அவள் நின்றாள்.

"என்னங்க, உப்புக் காத்தா அடிக்குது? ராமேஸ்வரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"செலவில்லாத ராமேஸ்வரம்."

"நீங்க செலவில்லாததாத்தான் பாப்பீங்க" என்றாள். பேச்சு குழறியது. ஆனாலும் குத்தல் குறையவில்லை. எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. ஒரு மாதத்துக்குள் பாதி தூரம் நடந்தாள். மடை வரைக்கும் போய் அதன் கல்லில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்பது அவளே வைத்துக்கொண்ட இலக்கு.

ஒருநாள் காலை கரையின் தலைப்பில் இரும்புக் கதவு நின்றது. பூட்டும் பலகையும் இருந்தன. பலகையில் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். "நடைப்பயிற்சிப் பாதை அமைக்கும் பணி நடைபெறுவதால் இங்கு நடக்க அனுமதி இல்லை."

காவலுக்கு ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பணி எங்கே நடக்கிறது என்று கேட்டேன்.

"பணி வரும்யா. கதவு மொதல்ல வந்துருச்சு."

"அதுவரைக்கும் இவங்க நடந்துட்டுப் போகட்டுமே."

"எனக்கென்னய்யா வந்துச்சு? அம்மாவப் பாத்தாப் பாவமாத்தான் இருக்கு. விட்டேன்னு தெரிஞ்சா என் சோத்துல மண்ணு."

அன்றே மனு எழுதினேன். பொருள், பார்வை, கோரிக்கை, இணைப்பாக மருத்துவச் சான்று. பணி தொடங்கும் வரை காலையில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்துவைக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டிருந்தேன். ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு வந்தது. அதன் பிறகு, மனு உரிய நடவடிக்கைக்காக வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தி. அந்த அலுவலகம், கரை தன்னுடையதல்ல, தண்ணீர் மட்டுமே தன்னுடையது என்றது. கரைக்கு உரிய அலுவலகம், கதவு தன்னுடையதல்ல என்றது. ஒவ்வொன்றும் சரிதான். தவறே இல்லாத பதில்களை அடுக்கி ஒரு மனிதரை எப்படி நிறுத்தலாம் என்பதை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அப்போதுதான் பார்த்தேன்.

எதிர்வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். சேவுகம்பட்டிப் பக்கத்துக்காரர். என் மனைவியை அக்கா என்பார். நான் மூன்றாவது நினைவூட்டுக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தபோது வழிமறித்தார்.

"அண்ணே, நீங்க எழுதிட்டே இருங்க. அது ஒரு பக்கம் ஓடட்டும். நான் வேற வழி பாக்குறேன்."

"என்ன வழி?"

"மனுசன் நடக்கத்தான கதவு தெறக்க மாட்டான்? சாமி கும்பிடத் தெறந்துதானண்ணே ஆகணும்."

மறுநாள் பார்த்தால் கதவுக்கு உள்ளே, கொஞ்ச தூரத்தில், புங்கமரத்தடியில் ஒரு கல். மஞ்சள் துணி, எலுமிச்சை, நாலு முழம் மல்லிகை. வந்த வெள்ளிக்கிழமை தெருப் பெண்கள் தேங்காய்த் தட்டோடு போய் நின்றார்கள். காவல்காரர் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பூட்டைத் திறந்தார். செவ்வாயும் வெள்ளியும் திறப்பது என்று ஏற்பாடானது.

என் மனைவி பக்தையானாள். அதுவரை சாமி விஷயத்தில் அவள் என்னைவிடச் சோம்பல். கையில் சூடம், மறுகையில் கம்பு. மரத்தைச் சுற்றிவிட்டு அப்படியே கரையில் நடையைக் கட்டினாள்.

"அம்மா, கும்பிட்டாச்சுல்ல? அங்கிட்டு எங்க போறீங்க?" என்று காவல்காரர் கத்தினார்.

"பெரிய சுத்துப்பா. வேண்டுதல்."

"அம்புட்டுப் பெரிய சுத்தா!"

"அம்புட்டுப் பெரிய நோயி."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வாரத்தில் இரண்டு நாள் போதாது என்று பயிற்சிக்காரப் பெண் சொன்னாள். ஆனாலும் கால் இறுகாமல் இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு கல்லுக்கு மஞ்சள் துணி கட்டிவிட்டால் அது அத்தோடு நிற்காது என்பதைப் பூக்காரர் யோசிக்கவில்லை. அடுத்த மாதமே தகரக் கூரை வந்தது. உண்டியல் வந்தது. ஒலிபெருக்கி வந்தது. குளத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருவினர், கல் தங்கள் எல்லையில் இருப்பதாகவும் முதல் பொங்கல் தங்களுடையது என்றும் வந்து நின்றார்கள். கரையில் கைகலப்பு. போலீஸ் வந்தது, பிறகு நில அளவையர் வந்தார். ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் ஆள் வைத்துக் கூரையையும் கல்லையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கதவைப் பூட்டினால் திறப்பார்கள் என்று இந்த முறை வெல்டிங் வைத்துப் பற்றவைத்தே விட்டார்கள்.

கரைக்கு உரிய அலுவலகத்துக்குப் போனேன். பிரிவு உதவியாளர் மரியாதையாக உட்காரவைத்துக் கோப்பைக் காட்டினார். நீர்நிலைப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு என்ற புதுக் கோப்பு. அதற்குள் என் மனு. "மேற்படி வழிபாட்டிடம் மனுதாரர் தரப்பினர் பாதை கோரும் நோக்கில் ஏற்படுத்தியதாகத் தெரியவருகிறது" என்று விசாரணை அறிக்கை.

"சார், ஆக்கிரமிப்பு முடிவாகாம உங்க மனுவத் தனியா எடுக்க முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ஒரே இடம் பற்றிய தாள்களை ஒரே கோப்பில் சேர்ப்பதுதான் முறை. அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சேர்த்திருப்பேன். அவரிடம் கோபப்பட எனக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை.

பூக்காரர் வாசலில் வந்து நின்று, "அக்கா, நான் நல்லதுன்னு நெனச்சு..." என்று இழுத்தார்.

"நீதாண்டா தம்பி என்னைய நடக்க வச்ச" என்றாள் அவள். "உங்க அண்ணன் எழுதுனதுல நான் ஒரு எட்டு வைக்கல." அதை அவள் கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று அது கேலியாகக் கேட்கவில்லை.

பிறகு தெருவில் நடந்து பார்த்தாள். மூன்றாவது வீட்டுக் கல்லில் கம்பு வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. பயம் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வாசல்படி வரை வருவாள், தெருவைப் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். பிறகு வாசல்படிக்கும் வரவில்லை. முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி, நீட்டினால் அலறும் அளவுக்கு வந்தது. பயிற்சிக்காரப் பெண் கடைசியாக வந்த அன்று காபி குடிக்காமல் போனாள். இப்போது கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். தூக்கி வைப்பது நான். அவள் கனமே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. நடைப்பயிற்சிப் பாதைத் திட்டம் நிர்வாகக் காரணங்களால் கைவிடப்பட்டதாகவும், கதவு அகற்றப்பட்டுவிட்டதாகவும், கரையைப் பொதுமக்கள் வழக்கம்போலப் பயன்படுத்தலாம் என்றும், இத்துடன் மனு முடித்துவைக்கப்படுகிறது என்றும் எழுதியிருந்தது.

"என்ன போட்டிருக்கான்?" என்றாள் கட்டிலிலிருந்து.

படித்துக் காட்டினேன்.

"அப்ப நீங்க ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன். மடை வரைக்கும்."

நான் போகவில்லை. பெற்றுக்கொண்ட கடிதத்தின் ஓரத்தில் தேதி எழுதுவது என் வழக்கம். கை தானாகவே எழுதியது: நவம்பர் பத்தொன்பது, புதன்கிழமை.