கோர்ட்டுக்குப் போகாமல் பிரிந்தவர்கள்

பிரிந்துபோன இருவரை ஒரே மேசை முன்னால் உட்கார வைப்பதைவிட, சண்டைக் கோழிகள் இரண்டை ஒரே கூடையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோவது சுலபம். நான் கள்ளக்குறிச்சியில் வக்கீல். கணவன் மனைவியைக் கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுக்கவிடாமல், என் ஆபீசில் பேசி, சம்மதத்தோடு பிரித்து அனுப்புவதுதான் என் தொழில். கடைசியில் கோர்ட்டில் ஒரு கையெழுத்து இருக்கும், சண்டை இருக்காது. நீங்களும் சொந்தத்தில் யாரையாவது உட்கார வைத்துப் பேசியிருப்பீர்கள். அந்தத் தலைவலி உங்களுக்கு அன்றோடு போயிருக்கும். எனக்கு மறுநாள் காலையில் அடுத்த ஜோடி வந்துவிடும்.

நடுவில் நான்

ஜாகீர் துணிக்கடைக்காரர். அவர் மனைவி ஷமீமா. ஜமாத்தில் பேசி ஓய்ந்து, மகள் யாரிடம் இருப்பது என்பதற்காக என்னிடம் வந்தார்கள். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். “புள்ள என்கூடத்தான் இருக்கும்னு அவருகிட்ட சொல்லுங்க” என்பார் ஷமீமா. நான் சொல்வேன். “வெள்ளிக்கிழமையாவது எங்கூட அனுப்பச் சொல்லுங்க” என்பார் ஜாகீர். அதையும் சொல்வேன். மத்தியானத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கீழே போய் டீ குடித்துவிட்டு மாடி ஏறினால் உள்ளே பேச்சுக் குரல். அடிதடிதான் என்று பதறிக் கதவைத் திறந்தேன். மகளுக்கு இழுப்பு வந்தால் எந்த மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஷமீமா சொல்லிக்கொண்டிருந்தார். ஜாகீர் பரீட்சைக்குப் படிப்பவர் மாதிரி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கென்று முடிவாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஷமீமாதான் சொன்னார்:

“கொஞ்ச நேரம் வெளியவே இருங்க மேடம். இப்பத்தான் அவருக்குப் பேச்சு வந்துருக்குது.”

கிரைண்டர்

தியாகதுருகத்தில் டிபன் கடை வைத்திருந்த தம்பதி. சேர்ந்து கடை நடத்தத் தெரிந்தவர்களுக்குச் சேர்ந்து குடும்பம் நடத்த வரவில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தமும் வேன் பிடித்து வந்திருந்தது. வீடு, நகை எல்லாம் பேசி முடித்து நான் மூச்சு விடும்போது, பெண்ணின் மாமா, “கிரைண்டரு எங்க வூட்டு சீரு” என்றார். “மோட்டாரு மாத்தினது யாரு?” என்று பையனின் சித்தப்பா எழுந்தார். காலையிலிருந்து கட்டியதெல்லாம் அந்த ஒரு கிரைண்டரில் அரைபடத் தொடங்கியது.

அதுவரை வாய் திறக்காத கணவன் முருகவேல், சித்தப்பாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தான். மனைவி இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னான்:

“கிரைண்டரு அதுகிட்டயே இருக்கட்டும் மேடம். மாவு பதம் அதுக்குத்தான் தெரியும். எனுக்கு இன்னா தெரியும், கல்லாவுல குந்தத்தான் தெரியும்.”

மாமியார்

கருணாபுரத்துப் பெண், சித்தாள் வேலை. புருஷன் குடித்துவிட்டு அடிப்பவன். பேசக் கூப்பிட்டால் வரமாட்டான். அவனுக்குப் பதில் அவன் அம்மா வந்தார். மாமியார் என்றால் மகனுக்குத்தான் வாதாடுவார் என்று நானும் குரலை ஏற்றத் தயாராக இருந்தேன்.

அந்த அம்மா மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பெண் அழுதாள். “நான் போய்ட்டா அத்தை அந்த ஆளு கையில மாட்டிக்கினு இன்னா பண்ணும்?” என்றாள். அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு அவள் அந்த வீட்டில் இருந்தது புருஷனுக்காக இல்லை. அவள் இப்போது மணலூர்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவளைக் கிளப்பியது என் பேச்சு இல்லை. மாமியார் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னதுதான்:

“நான் பெத்தவ, எங்கியும் போவ முடியாது. நீ கட்டினவதான, உனுக்கு வழி கீது. போ.”

மலையிலிருந்து வந்தவர்கள்

கல்வராயன் மலையிலிருந்து ஒரு ஜோடி. ஊரில் பெரியவர்கள் முன்னால் பிரிந்தாகிவிட்டது; அந்தப் பெண்ணின் வேலைக்கு ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தேன். அவன் ஒன்றை ஃபேனுக்குக் கீழே இழுத்து அவளை உட்காரச் சொன்னான். அவள் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை எடுத்து ஆளுக்குப் பாதி பிட்டாள். எனக்கும் கொடுத்தாள்.

“எதுக்கும்மா பிரியறீங்க?” என்றேன். “ஒத்து வரலைங்க” என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது; அவன் தரையைப் பார்த்தான். “அப்ப சண்டை எதுவும் இல்லையா?” என்று நான் விடாமல் கேட்டேன். திரும்பிப் போகவும் இருவருக்கும் வெள்ளிமலைக்கு ஒரே பஸ்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் என்னையே கேட்டாள்:

“அதான் ஒத்து வரலைன்னு தெரிஞ்சுபோச்சேங்க, அப்புறம் எதுக்கு சண்டை?”

இத்தனை வருஷத்தில் நான் கண்டது: கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டும் வராத சொந்தமெல்லாம், பிரிக்கிற அன்றைக்குக் கூப்பிடாமலே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறது.