பாய் வீட்டு உரக்குழி

அரக்கோணம் தாண்டியும் தண்டவாளத்தை ஒட்டியே நடந்துகொண்டிருந்தேன். யுத்த காலம். எரிக்க விறகு கிடைக்கவில்லை என்று மணவூர்ச் செங்கல் சூளையில் கல் அடுக்குகிற எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். மலைக்கோயில் கண்ணில் பட்டபோது பசி காதை அடைத்தது.

திருத்தணியில் வெங்காய வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் மண்வெட்டியோடு வாசலில் நின்றிருந்தார்.

"குழி வெட்டுவியாப்பா?"

"சோறு போட்டா வெட்டறேங்க."

அழுகல் வெங்காயத்தைத் தெருவில் கொட்டாதீர்கள், கொல்லையில் குழி எடுத்து மக்க வையுங்கள் என்று யாரோ ஓர் அதிகாரி சொல்லிப் போயிருந்தாராம். பாய் காட்டிய இடம் பக்கத்து வீட்டு மண்சுவரின் அடி. நாற்றம் தன் வீட்டு அடுப்படிக்கு வரக் கூடாது என்று பார்த்தார். சுவரை ஒட்டி அந்தப் பக்கத்துக் கொட்டகையில் தறிச் சத்தம். சாப்பிட்டுவிட்டு இடுப்பளவு வெட்டினேன்.

மாலையில் மழை பிடித்தது. மலைச்சரிவில் இறங்கிய தண்ணீர் கொல்லை வேலியைக் கடந்து குழியில் விழுந்தது. தறிச் சத்தம் நின்றது. சுவருக்கு மேல் நெசவாளியின் தலை தெரிந்தது.

"பாய்! இன்னா பண்ணிகினு கீற? என் தறிக்குழியில தண்ணி ஊறுது!"

கால் தொங்கவிட்டு மிதிக்கத் தரையில் குழி தோண்டி, அதன் மேல்தான் தறி போட்டிருப்பார்கள். தண்ணீர் மேலே வந்தால், தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூல் நனைந்துவிடும். நூலுக்குப் பஞ்சமான நேரம். அந்தப் பாவு கெட்டால் அவருக்கு மறுபடி நூல் தர ஆளில்லை.

"அவுத்து மேல கட்டேன், நைனா!"

"பாதி நெய்ஞ்ச புடவைய அவுக்கறதா? சிக்கு எடுக்க நீ வருவியா?"

நான் குழிக்குள் இறங்கி வாளியால் இறைத்தேன். இறைத்ததைவிட வந்தது அதிகம். என் தோளருகே சுவர் உப்பிக்கொண்டு வந்தது.

"ஏறி வாப்பா, செவுரு உன் மேல குந்திக்கப் போவுது!" என்று பாயின் மனைவி கதவிடுக்கிலிருந்து கத்தினார்.

ஏறினேன். தண்ணீரைத் திருப்ப ஒரே வழிதான் இருந்தது. பாய் வீட்டு நடை கொல்லையிலிருந்து தெருவரைக்கும் இறக்கம். ஆனால் அது நிறைய வெங்காய மூட்டை.

"உங்க வீட்டு வழியா வுட்டாத்தாங்க உண்டு," என்றேன்.

பாய் மூட்டைகளைப் பார்த்தார். பிறகு சுவருக்கு மேல் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"வுடுப்பா."

வெட்டிப் போட்ட மண்ணையே இழுத்துக் குழிக்கு மேட்டுப் பக்கமாகக் கரை போட்டேன். தண்ணீர் திரும்பி, நடைக்குள் புகுந்து, மூட்டைகளின் அடியை நனைத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. நெசவாளி தெருவைச் சுற்றி ஓடிவந்து என்னோடு குழியை இறைத்தார்.

"வெங்காய நாத்தத்துல என் புடவைய எவ கட்டுவா, பாய்?"

"கட்டட்டும் நைனா, கண்ணுல தண்ணி வரும்."

மழை விட்டபோது தறிக்குழித் தண்ணீர் பாவுக்கு நாலு விரல் கீழே நின்றது.

காலையில் கிளம்பப் பார்த்தேன். பாய் விடவில்லை. முதலில் குழியை மூடச் சொன்னார். நெசவாளி பக்கத்திலேயே நின்று, "மிதி, இன்னும் மிதி," என்றார். அப்புறம் சுவரை விட்டுத் தள்ளி, கொல்லை நடுவில், பழைய செங்கல்லால் தரைக்கு மேலே உரத்தொட்டி கட்டினேன். நெருப்புக்குக் காற்றுப் போகச் சூளையில் அடுக்குவதுபோல் இடைவெளி விட்டு அடுக்கினேன்.

"ஓட்டை வழியா நாத்தம் வராதா?" என்றார் பாயின் மனைவி.

"சாம்பல் தூவுங்கம்மா, அடங்கிடும்."

அடிமூட்டைகளில் சேறு ஏறிப்போன வெங்காயத்தைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து அதில் கொட்டினேன்.