இருநூறு வோல்ட் கினுயோ

ஜப்பானில் வெயிலுக்குப் பேர்போன குமகாயாவில், எங்கள் கடைத்தெருக் குலுக்கலில் கினுயோ பெட்டியைச் சுழற்றியதும் பொன்னிறப் பந்து உருண்டு விழுந்தது. மணி அடித்தார்கள். முதல் பரிசு ஒரு பெரிய ஏசி. பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருப்பவள் கினுயோ. ஐம்பதைத் தாண்டியும் சிரிப்பு வந்துவிட்டால் தரையில் உட்கார்ந்துவிடுவாள். அன்றும் உட்கார்ந்தாள்.

மாட்ட வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். அந்த ஏசிக்கு இருநூறு வோல்ட் வேண்டும். அவள் வீட்டு பிளக் எல்லாமே நூறு. லைனை மாற்றலாமென்றால், அந்த வெயிலில் எல்லா வீட்டிலும் கூப்பிட, ஊரில் ஒரு எலக்ட்ரீஷியனும் கையில் சிக்கவில்லை. ஏசி பெட்டிக்குள்ளேயே இருந்தது. பஸ் ஓட்டிவிட்டு வரும் அவள் கணவர் தமோட்சு அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு பார்லி டீ குடித்தார்.

“பெட்டி ஜோரா இருக்கு. காத்துதான் வரல.”

“நானே லைன் போடுறேன் பாருங்க.”

“பல்பு மாத்தவே என்னைக் கூப்பிடுறவ நீ.”

லைசென்ஸ் இல்லாமல் தொடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். பரீட்சைக்குப் பணம் கட்டினாள். தலையில் சுருள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொன்னாள். நான் தப்பாகப் படித்தாலும் சரியாகப் பதில் சொன்னாள். செய்முறைத் தேர்வில் கம்பி நுனியைத் திருகாணியில் மாட்டும்படி வளையமாக வளைக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் முடி சுருட்டிய கை அது. எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கடியில் குனிந்துகொண்டாளாம். உடம்புக்கு என்ன என்று கண்காணிப்பாளர் ஓடி வந்தாராம். தேறிவிட்டாள்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஏசியைச் சுவரில் மாட்டினார்கள். லைன் அவளுடையது. மெயினை அணைத்து, மெயின் பெட்டியைத் திறந்து, கரண்ட் இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்துகொண்டாள். தெருவிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் வெள்ளைக்கும் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றுக்கும் நடுவே நூறு. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே இருநூறு. ஏசிக்குப் போகும் லைனில் கறுப்பில் இருந்த கம்பியை அப்படியே விட்டு, மற்றதை வெள்ளையிலிருந்து எடுத்துச் சிவப்பில் சேர்த்தாள். அதற்கேற்ற பிரேக்கர், புது பிளக், எர்த் கம்பி என்று ஒன்றையும் விடவில்லை. தமோட்சு வாசலுக்கு வெளியே, செருப்பை மாட்டியபடி, ஓடத் தயாராக நின்றார்.

மெயினைப் போட்டாள். டெஸ்டர் இருநூறைத் தொட்டது.

“ஏங்க, உள்ள வாங்க. உசிரோடதான் இருக்கேன்.”

காற்று வந்தது. முதலில் லேசாக, அப்புறம் பிடரி சிலிர்க்க. தமோட்சு சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு அதன் கீழே சுற்றினார். விஷயம் பரவி அரைத்தெரு உள்ளே வந்துவிட்டது. யாரோ சொன்னார்கள், உடனே பரணிலிருந்து குளிர்காலக் கனத்த போர்வையை இறக்கினோம். அதற்குள் காலை நுழைத்துக்கொண்டு, வெளியே தார் உருகும் மதியத்தில், கொதிக்கக் கொதிக்க முட்டைக்கோசும் மீனும் போட்ட சட்டிக் குழம்பு சாப்பிட்டோம். எனக்குப் பல் கிடுகிடுத்தது. ஒருவரும் எழுந்து போவதாக இல்லை.

“குறைக்கவா?” என்று கேட்டாள் கினுயோ.

“கையை வெட்டிடுவேன்,” என்றார் தமோட்சு.

முறைப்படி பதிவு செய்துகொண்டு, இப்போது காலையில் முடி, மதியம் மின்சாரம் என்று நடத்துகிறாள். இதை எழுதும்போது என் வீட்டு முக்காலியில்தான் நிற்கிறாள். மெயின் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, எதற்கென்று தெரியவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். முக்காலியை நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.