நலங்கு அன்று வந்த மாப்பிள்ளை

மனித உரிமைப் பாடத்துக்காக வகுப்பில் பேச வேண்டிய தலைப்புகளை எங்கள் மேடம் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார். எனக்கு முன்னால் எடுத்தவளுக்குக் குடிநீர் வந்தது. பின்னால் எடுத்தவனுக்குக் குழந்தைத் தொழிலாளர். எனக்கு வந்த சீட்டில் ‘தன்பாலீர்ப்பாளர் உரிமைகளின் வரலாறு’ என்று இருந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னார், படித்தேன். கடைசி பெஞ்சில் யாரோ கனைத்தார்கள். அப்புறம் வழக்கமான சிரிப்பு.

வகுப்பு முடிந்ததும் மேடத்தின் பின்னாலேயே போய்த் தலைப்பை மாற்றித் தரச் சொன்னேன்.

“ஏம்மா, கூச்சமா இருக்கா?”

“கூச்சம் இல்ல மேடம்.”

“அப்ப இதையே பண்ணு.”

அதற்கு மேல் என்ன சொல்வது? என் அக்காவின் கல்யாணம் முறிந்ததே இதனால்தான் என்று கல்லூரி வராண்டாவில் நின்றுகொண்டு சொல்ல முடியுமா? பஸ் ஏறினேன்.

அக்கா என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவள். எட்டு வருஷத்துக்கு முன்னால் மாங்காட்டில் ஒரு மண்டபத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்று தீர்ப்பு வந்த அடுத்த மாதம், அவள் கணவரான மாமா அவளை உட்காரவைத்துத் தனக்குப் பெண்கள்மேல் நாட்டம் வந்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். அக்கா ஒரு பையோடு காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து வாங்கினார்கள். காரணம் கேட்டவர்களிடம் “ஒத்து வரல” என்று மட்டும் சொன்னாள். தெரு சும்மா இருக்குமா? குழந்தை இல்லாததால் அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கட்சி, இவளுக்கு வாய் நீளம் என்று இன்னொரு கட்சி. அக்கா இரண்டையும் மறுக்கவில்லை. எனக்கே உண்மை தெரிந்தது, அம்மாவும் அவளும் சமையலறையில் சண்டை போட்டபோது சுவர் ஓரமாக நின்று கேட்டதால்தான்.

இப்போது திருமழிசை தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கீறல் விழுந்ததைப் பொறுக்கித் தனியாகப் போட வேண்டும். வீட்டில் யாராவது புது வரன் என்று வாயைத் திறந்தால், அல்லது பஸ் அந்த மண்டபத்தைத் தாண்டினால், ஒரே ஒரு கேள்வியைக் கேட்பாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிக்கலாம் இல்ல?”

நான் ஆமாம் என்பேன். எனக்கு அந்த மனிதரை அடியோடு பிடிக்காது. அக்காவின் இருபத்தைந்தாவது வயதைத் தின்றுவிட்டுப் போனவர் என்றுதான் அவரை நினைத்து வந்தேன்.

அந்தக் கடுப்போடுதான் வேலையைத் தொடங்கினேன். பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பேன். இதைக் குற்றம் என்றது வெள்ளைக்காரன் எழுதிவிட்டுப் போன ஒரு சட்டம். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் இது குற்றமில்லை என்றது. நான்கு வருஷத்தில் உச்ச நீதிமன்றம், குற்றம்தான் என்றது. 2018இல் அதே உச்ச நீதிமன்றம், இல்லை என்றது. என்ன விளையாட்டு இது என்று எனக்கே எரிச்சல் வந்தது. நடுவில் வாழ்ந்தவர்கள் எந்த வருஷத்து நியாயத்தை நம்பி வாயைத் திறப்பார்கள்?

ஒரு கோடு போட்டு அதில் புள்ளி வைத்து வருஷங்களைக் குறித்தேன். 2013க்கும் 2018க்கும் நடுவில் ஸ்லைடு வெறிச்சென்று இருந்தது. அங்கே போட ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். அந்தச் சட்டத்தைக் காட்டியே பலரை மிரட்டியிருக்கிறார்கள் என்றும், அதனால் எழுத்திலோ போனிலோ எதையும் சொல்லப் பயந்தவர்கள் இருந்தார்கள் என்றும் ஒரு பேட்டியில் படித்தேன். அக்காவின் கல்யாணம் அந்த வெற்றிடத்தில்தான் நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் மாமா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார்.

அன்றைக்கு நலங்கு. நலங்கு வைத்த பெண் வாசப்படி தாண்டக் கூடாது, தாலி கட்டும்வரை மாப்பிள்ளை அவளைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கூடம் முழுக்க அத்தைகள், சித்திகள். எனக்குப் பன்னிரண்டு வயது, புதுப் பாவாடை, தலைகால் புரியாத சந்தோஷம். மச்சினிச்சி என்றால் மாப்பிள்ளையை ஓட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி என்னை ஏற்றிவிட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து பைக்கை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

“பாப்பா, அக்காவாண்ட ஒரு அஞ்சு நிமிசம் பேசணும்.”

நான் கேட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். “இன்னா மாமா, ரெண்டு நாளு பொறுக்க முடியலியா?”

உள்ளே சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு இன்னும் குஷி.

“வெளயாடாத பாப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியாவணும். போன்ல சொல்ற விசயம் இல்ல.”

“ஐயோ, போன்ல சொல்ல முடியாத விசயமாம்!” என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினேன். அப்படி ஒரு சிரிப்பு. ஒரு அத்தை, “வெக்கத்தப் பாரு மாப்ளக்கி!” என்றாள். அவர் முகம் வேர்த்திருந்தது. நானும் அதை வெட்கம் என்றுதான் நினைத்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டார், கேட் கம்பி வழியாகவே கொடுத்தேன். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்று நாலு நாள் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். வேறு எதற்கு ஒரு மனிதன் அப்படி வேர்த்துக்கொண்டு நிற்பான்? அக்கா ஆறு வருஷத்துக்கு மேலாகக் கேட்கும் கேள்விக்குப் பதில் என் கையில் இருக்கிறது. அதைச் சொன்னால் வாசலை அடைத்தவள் நான் என்றாகிவிடும். சொல்லாவிட்டால், அவர் சொல்லவே முயலாதவர் என்ற நினைப்பிலேயே அவள் வாழ்நாளைக் கழிப்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டு மோர் கரைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“நாளிக்கு ஏதோ பேசணும்னியே, எங்கிட்ட பேசிக் காட்டு.”

தலைப்பைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, “சரி, பேசு” என்றாள்.

பேசினேன். வருஷங்கள் போட்ட ஸ்லைடு வந்ததும் போனை வாங்கி வெறிச்சென்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்கதான் நானு கீறேன்” என்றாள். “என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிக்கலாம் இல்லடி?”

சொல்லிவிட்டேன். நலங்கு, கேட், நான் அடித்த கூத்து, சித்திகளின் சிரிப்பு எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். திட்டுவாள், அடித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அதோடு உள்ளுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. அவர் சொல்ல வந்தாராமே என்று அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள்.

“நீல சட்ட” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“அன்னிக்கு நீல சட்ட போட்டுகினு வந்தாரு. ஜன்னல்லந்து பாத்துகினு இருந்தேன். நீங்க கத்துன கத்துல அவரு பேசினது ஒண்ணும் கேக்கல. இத்தினி பேரு கீறாங்கோன்னு கூடப் பாக்காம என்னப் பாக்க வந்துட்டாரேன்னு நெனச்சேன்.” சட்டையின் காலரை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “அந்த ஒன்ற வருசத்துல வேற ஒண்ணும் இல்லடி. என்னாண்ட இருந்தது அது ஒண்ணுதான். அத்தயும் நீ எடுத்துகினு பூட்ட.”

நான் அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டு மடித்த சட்டையை உள்ளே எடுத்துப் போனாள்.

மறுநாள் காலை என்னை எழுப்பாமலேயே திருமழிசை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் கல்லூரிக்குப் போய்ப் பேசினேன். வருஷங்களை வரிசையாகச் சொன்னேன், குரல் நடுங்கவில்லை. மேடம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேள்வி நேரம் வந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

“தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி இவங்கள்லாம் இன்னா பண்ணிகினு இருந்தாங்கோ?”

“கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க” என்றேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். மேடம்கூடச் சிரித்துவிட்டார். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை ஸ்லைடில் இருந்த அந்த வெற்று இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.