"இல்லை" என்று நான் சொன்ன பிள்ளை

அன்பான சகோதரங்களே, இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

போன வருஷம், 1993 ஆவணி மாதம். குருநகரில் எங்கள் சின்ன மகள் றெஜினாவுக்கு அப்போது ஏழு வயது. ஒரு வியாழக்கிழமை காலை எழும்பினவள் நிற்க முடியாமல் பாயிலேயே விழுந்தாள். மறுநாள் இரண்டு காலும் துணிபோலக் கிடந்தன.

அந்த வாரந்தான் மூத்தவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தோம். தங்கைக்குக் கால் விளங்காது என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்கள் என்று பயந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமே?" என்றார் கணவர்.

"முந்தி வந்த காய்ச்சலின்ரை பலவீனம். மாறியிடும்" என்று அவரையும் அடக்கினேன். பிறகு மாதா சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு, "ஆரையாவது அனுப்புங்கோ தாயே" என்று அழுதேன்.

சனிக்கிழமை காலை எங்கள் பகுதி மருத்துவிச்சி, நாங்கள் மிஸி என்று கூப்பிடுகிறவர், சைக்கிளில் வந்தார்.

"அக்கா, பதினைஞ்சு வயசுக்குக் கீழை ஆருக்கும் திடீரெண்டு கை கால் சோர்ந்திருக்கோ? போலியோவோ எண்டு பாக்க, நாடு முழுக்க ஒரு பிள்ளையும் விடாமல் பதியினம்."

"இல்லை மிஸி. இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லை."

சத்தம் போடாதே என்று நான் அறைக்குள் கிடத்தியிருந்த பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கஞ்சி பருக்கினேன். விழுங்க முடியாமல் மூக்கால் வந்தது. ஈனக் குரலில், "அம்மா, நான் இல்லையோ?" என்று கேட்டாள்.

மாதாவிடம் உதவி கேட்கவும் மனம் துணியவில்லை. "ஆண்டவரே, நான் பொய் சொல்லிப்போட்டன்" என்று மட்டும் கதறினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். படலையைத் திறந்துகொண்டு மிஸி உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"என்ரை பதிவுக் கொப்பியிலை இந்த வீட்டுக்கு ரெண்டு பிள்ளையள். சின்னவளைக் காணேல்லை எண்டு மனம் கேக்கேல்லை. அதுதான் திரும்பி வந்தனான்."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் மூச்சும் நிண்டிருக்கும்." போலியோவா என்று பார்க்க மலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். போலியோ இல்லை, வேறொரு நரம்பு நோய் என்று பிறகு முடிவு வந்தது. மாப்பிள்ளையின் தாய் தன் கையால் சூப் காய்ச்சிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன் றெஜினா சுவரைப் பிடித்து நடந்தாள். இப்போது பள்ளிக்கூடத்துக்குத் தானாகப் போகிறாள். படி ஏறும்போது மட்டும் ஒரு கை வேண்டும். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி அம்மா" என்றாள். அவ்வளவுதான்.

மிஸி வீடு வீடாகப் போகும் நாட்களில் நானும் கூடப் போகிறேன். கதவைப் பாதி சாத்திக்கொண்டு கதைக்கிற தாயைக் கண்டால், முதலில் என் பொய்யைத்தான் சொல்வேன். ஆண்டவர் என்னை வெட்கப்படுத்தி என் பிள்ளையைத் தந்தார். அவருக்கு நன்றி. உங்கள் வீட்டிலும் சுகமில்லாத பிள்ளை இருந்தால் நம்பிச் செபியுங்கள். பிள்ளையை மட்டும் மறைக்காதீர்கள்.