கைக்குப் போன புளி

அன்று போனவர்கள் நாலு பேர்.

ஒருவர் கார் வைத்திருந்த அண்ணை. யாழ்ப்பாணத்தில் சுத்த சைவக் குடும்பம். அவர்கள் வீட்டுப் படலைக்குள் மீன்காரனின் சத்தம்கூட வராது. இங்கே ஜெர்மனிக்கு வந்து உணவகச் சமையலறையில் மீன் வெட்டித்தான் பிழைத்தார். எங்களுக்குள் கார் இருந்தது அவரிடம் மட்டும்.

அடுத்தது என் மனைவி. மடியில் புட்டுப் பெட்டியும் மாசிச் சம்பலும்.

மூன்றாவது மன்னார்த் தம்பி. எங்களுக்குச் சொந்தமில்லை. டோர்ட்மண்டுக்கு வந்த புதிதில் கோயில் வாசலில் கண்டு பழகினது. அவன் வேதக்காரன், மாதா கோயில் ஆள், எங்கள் கோயிலுக்குச் சாப்பாட்டுக்கு வந்தவன். அதை அவனே சொல்லிச் சிரிப்பான்.

நாலாவது நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

எனக்கும் மனைவிக்கும் அண்ணைக்கும் விசா சரிவந்துவிட்டது. தம்பிக்கு இல்லை. அகதி வழக்கு முடியாதவர்கள் நகர எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டவேண்டுமென்றால் வெளிநாட்டவர் கந்தோரில் கடிதம் எடுக்கவேண்டும். மீன் பிடிக்கப் போகிறேன் என்றால் யார் கடிதம் தருவார்கள்? அவன் முன்னமே ஒருமுறை பக்கத்து ஊரில் ஒரு பிறந்தநாளுக்குப் போய்ப் பிடிபட்டுத் தண்டம் கட்டினவன். இரண்டாம்முறை என்றால் வழக்கு என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

அடுத்தநாள் திங்கள் அவனுக்குக் கந்தோரில் ரெர்மின், குறித்த நேரத்துக்கு நிற்கவேண்டும். இங்கே தங்க அனுமதிக்கிற பேப்பரைக் கொடுத்து நாள் நீட்டவேண்டும். முதலில் ஆறு மாதம் கொடுத்தார்கள். பிறகு மூன்று. கடைசியாக ஒன்று. குறையக் குறைய அவனும் மெலிந்தான். அவன் மனைவி தமிழ்நாட்டில் முகாமில். அவன் வெளிக்கிட்டபோது வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது நடக்கிறது. படம் வைத்திருந்தான். அடிக்கடி எடுத்துக் காட்டமாட்டான்.

போகவேண்டாம் என்று நான் சொன்னேன். அவன்தான் கேட்கவில்லை. அறையில் இருந்து திங்களை நினைக்கிறதைவிடக் காரில் இருந்து நினைக்கிறேன் என்றான். சரி ஏறு என்றார் அண்ணை.

சவர்லாண்ட் பக்கம் மலையும் காடும். ஒரு மணித்தியாலம் ஓடினோம். அங்கே ஒரு பள்ளத்தாக்கில் மீன்குளம் வைத்திருந்தாள் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஐம்பது வயது இருக்கும். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து. அண்ணையின் முதலாளி அவளிடம்தான் மீன் வாங்குவார். அதனால் அண்ணைக்கு அவளைத் தெரியும். தூண்டில் அவளே தருவாள். பிடித்ததை நிறுத்துக் காசு கொடுக்கவேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விடக்கூடாது. இதுதான் சட்டம். அனுமதிப் பத்திரம் அது இது என்று அவள் கேட்கவில்லை.

குளத்தில் இருந்தது லாக்ஸ்ஃபொரெல்ல. சமன் என்கிற சால்மன் மாதிரிச் சதை சிவந்த மீன். எங்களுக்குச் சமன் என்றால் ஊரில் ரின்னுக்குள் இருப்பது. உயிரோடு துள்ளும் என்று அன்றுதான் பார்த்தோம்.

எல்லோரும் தம்பியை நம்பித்தான் போனோம். அவன் தகப்பன், தகப்பனின் தகப்பன் எல்லோரும் கடல். அவனும் பத்து வயதில் வள்ளம் ஏறினவன். அவன் பிடிப்பான், நாங்கள் புட்டுச் சாப்பிட்டுப் பார்த்துக்கொண்டு இருப்போம் என்று எண்ணம்.

நடந்தது வேறு. தடியும் நூல் சுற்றும் சில்லும் அவனுக்குக் கைவரவில்லை. எறிந்தால் நூல் பின்னால் மரத்தில் மாட்டும். மீன் தொட்டால் வெட்டி இழுப்பான், தூண்டில் வெறுமனே வரும். அவள் தந்த மாவு இரை சரியில்லை என்றான். புட்டையும் மாசியையும் பிசைந்து உருட்டிப் போட்டான். புட்டு தண்ணீரில் கரைந்து போனது. சம்பலைத் தந்திருந்தால் நாங்களாவது தின்றிருப்போம் என்று மனைவி சொன்னாள்.

அண்ணை ஒரு பக்கம் கதிரையில் சாய்ந்து இருந்தார். தடியைக் கல்லில் முட்டுக் கொடுத்துவிட்டு கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு மூன்று மீன்.

"தம்பி, மன்னாருக்கு ஒண்டும் இல்லை. சைவத்துக்கு மூண்டு. ஊருக்கு எழுதிப் போடவோ?"

"எழுதுங்கோ அண்ணை. கடல்மீனுக்கு எங்களைத் தெரியும். இது ஜெர்மன் மீன். பேப்பர் கேக்குது."

அண்ணை சிரித்துச் சிரித்துக் கதிரையோடு சரிந்தார். வெள்ளைக்காரி என்னவென்று கேட்டாள். அவர் சொல்லிக் கொடுத்தார். அவளும் சிரித்தாள். பிறகு தம்பியை ஒருமுறை பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு அவன் தடியைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு நூலைக் கையால் பிடித்தான். கைத்தூண்டில் மாதிரி. அது அங்கே சட்டமில்லை. அவள் பார்த்தும் பாராததுமாகப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மாறியது. இரண்டு விரலுக்குள் நூல். விட்டு, பிடித்து, விட்டு, பிடித்து. வெளியே வந்த மீன் அண்ணையின் மூன்றையும் சேர்த்தால் வரும் அளவு. மீனை அண்ணைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து இருந்தான். அவன் தோள் இறங்கி இருந்ததை அன்றுதான் கண்டேன். அதற்கு முதல் எப்போதும் காதோடு ஒட்டி இருக்கும்.

வெளிக்கிடும்போது வெள்ளைக்காரி மேலே கையைக் காட்டினாள். காட்டில் பழம் பழுத்திருக்கிறது, போய்ப் பறியுங்கள், யாருக்கும் சொந்தமில்லை என்றாள். ஹைடல்பேர என்பார்கள். முழங்காலுக்குக் கீழே நிற்கும் செடி. பழம் சின்னது, கறுப்பு நீலம். வாயில் போட்டால் நாவற்பழத்துக்குத் தம்பி. நாக்கும் அப்படித்தான் நிறம் மாறும்.

மீன் ஐஸ் பெட்டியில் இருந்தது. ஐஸ்கிறீம் வந்த வெறும் வாளி ஒன்று காரில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஏறினோம். மேலே பைன் மரத்துக்குக் கீழே தரை முழுக்கச் செடி. வெயில் சாய்வாக விழுந்தது. ஒருவருமில்லை. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். இந்த நாட்டில் அவள் வெறுங்காலோடு மண்ணில் நின்றது அது முதல்தரம். நான் பார்த்ததைக் கண்டு திரும்பச் செருப்பைப் போட்டாள்.

நாங்கள் நுனிவிரலால் ஒவ்வொன்றாகப் பறித்தோம். தம்பி அப்படி இல்லை. வலையில் இருந்து மீன் உருவுகிற மாதிரி கொப்பை உள்ளங்கைக்குள் பிடித்து ஒரே இழுவை. பழமும் வரும், இலையும் வரும், காயும் வரும். வாளி நிரம்பியது. பாதி அவன் பறித்தது. இரண்டு கையும் மணிக்கட்டுவரை மை. மீன் பிடித்ததற்கும் பழம் பறித்ததற்கும் ஒரே கை, ஒரே வேகம். அப்போது அது பகிடியாகத்தான் இருந்தது.

இப்போது கடையில் வருடம் முழுக்க இந்தப் பழம் பிளாஸ்ரிக் பெட்டியில் இருக்கிறது. பெரிது. உள்ளே வெள்ளை. கையில் ஒட்டாது. பேரப்பிள்ளைகளுக்கு வாங்குகிறோம். நான் தின்பதில்லை.

திரும்பும்போது சந்தியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொலிஸ் கார் நின்றது. அண்ணை வேகத்தைக் குறைத்தார். தம்பி கையிரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தான். மறிக்கவில்லை. கடந்து போனபிறகு அவன் கையை எடுத்துப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"அக்கா, நாளைக்கு இந்தக் கையோடை எப்பிடிப் போறது?"

அந்தப் பழம் நகரத்துக்குள் இல்லை. மலைக்குப் போனால்தான் உண்டு. கந்தோரில் இருப்பவள் இந்த நாட்டுக்காரி. பிறந்ததிலிருந்து அந்தக் கறையைக் கண்டவள். பழம் என்று பிடித்தால் எல்லை தாண்டியது. பழமில்லை, பெயின்ற் என்று நினைத்தால், வேலை அனுமதி இல்லாதவன் களவாக வேலை செய்தது. எந்தப் பக்கம் போனாலும் குற்றம்.

வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டான். முதல் தண்ணீர் நீலமாக ஓடியது. கை இன்னும் கறுத்தது. பாத்திரம் கழுவும் தூள் போட்டுத் தேய்த்தான். தோல் சிவந்தது, கறை போகவில்லை. இன்னும் சவர்க்காரம். போடப்போட மை கூடினது. அண்ணை எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை ஒன்றும் இல்லை. கீழ்வீட்டுத் துருக்கிக்காரர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள்.

மீன் வெட்டிக் கழுவி இருந்தது. சதை றோசா நிறம். வெங்காயம் வதங்கியது. சட்டிக்குப் பக்கத்தில் கோப்பையில் புளி ஊறியது. வீட்டில் இருந்த கடைசிப் புளி. மனைவி மீனைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். ஊரில் நாவற்கறைக்குப் புளி போட்டுத் தேய்ப்பது அவளுக்கு நினைவு வந்திருக்கவேண்டும்.

"கையை நீட்டு."

"அக்கா, குழம்பு?"

"குழம்புக்கு நாளைக்கு ரெர்மின் இல்லை."

கோப்பையோடு அவன் கையில் ஊற்றினாள். புளிச்சக்கையை எடுத்து விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்தாள். கல்லுப்பும் போட்டாள். தூள் கீறின இடமெல்லாம் எரிந்திருக்கும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கறுப்பு நீலமானது. நீலம் ஊதாவானது. ஊதா சிவப்பானது. அதற்குமேல் அசையவில்லை. புளியும் முடிந்தது.

அண்ணை அவன் கையை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். பீட்றூட் வெட்டின கை மாதிரி இருக்கிறது என்றார்.

"அப்ப பீட்றூட்தான்," என்றாள் மனைவி. "கேட்டால் பீட்றூட் எண்டு சொல்லு. அது கடையிலை விக்குது. அதுக்கு எல்லை தாண்டத் தேவையில்லை."

ஜெர்மனில் அதற்கு என்ன பெயர் என்று அண்ணைதான் சொல்லிக் கொடுத்தார். அவர் சமையலறை ஆள். ரோட்ட பேட்ட. தம்பி செபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு இருந்தான்.

குழம்புக்குப் புளியில்லை. மனைவி வாளிக்குள் கையை விட்டாள். தம்பி உருவினதில் வந்த காய், செங்காய் எல்லாம் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். அவை நல்ல புளிப்பு. கூடவே சில பழமும் விழுந்துவிட்டது. குழம்பு கொதித்தபோது நாங்கள் எட்டிப் பார்த்தோம். ஊதா. அதற்குள் றோசா மீன்.

"பிள்ளை, இது குழம்போ, பள்ளிக்கூட மையோ?" என்று அண்ணை கேட்டார்.

"மீன் நீங்கள் பிடிச்சது. நிறத்துக்கு நான் பொறுப்பில்லை," என்றாள்.

சாப்பிட்டோம். ருசிதான். தம்பி இரண்டாம்முறை சோறு போட்டான். பிறகு திடீரென்று நிறுத்தி, கையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். மனைவி அவன் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அவன் பிடித்த பெரிய மீனின் நடுத்துண்டு. தின்றான்.

திங்கள் காலையில் நானும் மனைவியும் அவனோடு போனோம். அவள் வேலையை மாற்றி எடுத்திருந்தாள். கந்தோரில் நீண்ட நடைகூடம். சுவரோரம் கதிரை. அவன் கையிரண்டையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இருந்தான். கூப்பிட்டார்கள். உள்ளே போனபோதும் பைக்குள்தான். பேப்பர் கொடுக்கக் கையை எடுக்கத்தானே வேண்டும் என்று நான் நினைத்தேன்.

நேரம் போனது. அவனுக்குப் பிறகு பக்கத்து அறைக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள். மனைவி எழுந்து நின்றாள். பிறகு இருந்தாள்.

கதவு திறந்தது. அவன் வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான். அவள் கையைக் கண்டுவிட்டாளாம். என்ன இது என்று கேட்டாளாம். ரோட்ட பேட்ட என்றானாம். அவள் கொஞ்சநேரம் கையையே பார்த்தாளாம். மணிக்கட்டுவரை. தன் தாயும் கோடையில் இப்படித்தான், காட்டிலிருந்து வந்ததும் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பாள், பீட்றூட்டுக்கு அது நல்லது என்றாளாம். சிரிக்கவில்லையாம். பிறகு குனிந்து எழுதினாளாம்.

"அதை விடு," என்றாள் மனைவி. "எத்தினை மாதம் தந்தவள்?"

அவன் பைக்குள் இருந்து இரண்டு கையையும் எடுத்து விரலைத் தூக்கிப் பிடித்தான். சிவப்பு இன்னும் போகவில்லை. ஒரு கை முழுக்க, மற்றதில் பெருவிரல்.

ஆறு.