அப்பாவின் முதுகில் ஊசி

பெருவெள்ளம் வந்த 1926-க்கு முந்திய ஆண்டு. என் தீபாவளிப் பாவாடை அப்போது சாயம் போகவில்லை. ஆகவே ஐப்பசிக் கடைசியாக இருக்க வேண்டும். சுங்காய் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், அப்பா குளிக்கையில் அவர் முதுகுக் கட்டிகளைக் கங்காணி மனைவி பார்த்துவிட்டாள். மொச்சைக்கொட்டை அளவில் மெத்தென்றிருக்கும் கட்டிகள். அவற்றைத் தடவியபடியே நான் தூங்கியிருக்கிறேன்.

மறுநாள் முதல் நாங்கள் தண்ணீர் பிடித்த குழாயை லயத்து வரிசை வீடுகளில் யாரும் தொடவில்லை. பெருவியாதி என்றார்கள். பெருவியாதிக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப வரமாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். அப்பா பால்வெட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிறன்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். கங்காணி முன்னால் அப்பாவின் கண்ணைத் துண்டால் கட்டி, கட்டியில் ஊசியால் குத்தினார்.

"நோகுதோ?"

"இல்லீங்கய்யா."

"இப்ப?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வலி என்றவனுக்குச் சோம்பேறிப் பட்டமும் பாதிக் கூலியும்தான். அப்பா பழகிய பதிலையே சொன்னார்.

டிரசர் கங்காணியிடம் திரும்பினார். "உணர்ச்சி செத்துப் போச்சு. குட்டந்தான். நாளைக்கே அனுப்ப வேணும்."

"ஐயா, வலிச்சுதுங்க! சத்தியமா வலிச்சுதுங்க!"

"இப்ப பயத்தில சொல்லுறாய்."

அம்மா பாய்ந்தாள். டிரசர் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி, அப்பாவின் முதுகில் அதே கட்டியில் ஒரே குத்து.

"அடிப் பாவி! கொல்றியாடி!" கண்கட்டோடு அப்பா துள்ளியதில் கங்காணியே சிரித்துவிட்டார்.

டிரசர் கட்டிகளை மறுபடி அழுத்திப் பார்த்தார். "சின்னனில பால்கோப்பி நிறத்தில தேமல் இருந்ததோ?"

"இருந்துச்சுங்க. எங்கப்பனுக்கும் இருந்துச்சு. பெறகு அவருக்கும் இப்பிடித்தான் கட்டி."

"அப்ப பெருவியாதி இல்லை. இது ஆருக்கும் ஒட்டாது. ரத்தத்தில, வழிவழியா வாறது."

எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அம்மா மட்டும் ஊசியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் என்னைக் குளிப்பாட்டினாள். என் வயிற்றிலும் இடுப்பிலும் இருந்த காப்பி நிறத் திட்டுகளைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். தோல் எரிந்தது; கத்தினேன். அவள் நிறுத்தவில்லை. அவள் அழுவதைப் பார்த்ததும், அழுக்குப் போகாததால்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

இனிமேல் மண்ணில் விளையாடவே மாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.